உடலைப் பாறையாக்கிய பில் பிராண்ட்

புகைப்படக் கலையில் உலகப் புகழ் பெற்றவர் பில் பிராண்ட். மனித உடலை மலையாகவும் பாறையாகவும் காட்டிய அவர், கடைசிவரை தன் சொந்த ஊரை மறைத்தே வாழ்ந்தார்.

1904-ம் ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் அவர் பிறந்தார். தந்தை பிரிட்டிஷ் பிரஜை, தாய் ஜெர்மானியர். முதல் உலகப் போர் மூண்டதும், எதிரி நாட்டவர் என்று தந்தை காவலில் வைக்கப்பட்டார். பள்ளியில் மகனுக்கும் நிம்மதி இல்லை. வாலிப வயதில் காசநோய் பற்றியது. சுவிட்சர்லாந்தில் டாவோஸ் மலை ஆஸ்பத்திரியில் சில ஆண்டுகள் கழிந்தன. பிறகு வியன்னாவில் ஒரு ஸ்டூடியோவில் தொழில் பழகினார். பாரிசில் மான் ரே என்ற பிரபல கலைஞரிடம் சில மாதங்கள் உதவியாளராக இருந்தார்.

லண்டனில்

1930-களில் லண்டனில் குடியேறினார். ஜெர்மனி என்றாலே அங்கு வெறுப்பு வளர்ந்த காலம் அது. பிறந்தது லண்டனில்தான் என்றே சொல்லி வந்தார்.

ஆனால் வெளியிலிருந்து வந்தவரின் கண் அவருக்கு இருந்தது. பணக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையருகே காத்து நிற்கும் பணிப்பெண்களைப் படம் பிடித்தார். 1937-ல் வடக்கே சென்று, வேலையின்றி வாடிய சுரங்கப் பகுதியைப் பார்த்தார். பொறுக்கிய நிலக்கரியை மூட்டை கட்டி, சைக்கிளில் வைத்துத் தள்ளிச் செல்லும் மனிதரின் படம் உலகப் புகழ் பெற்றது. 1940-ல் குண்டுவீச்சுக்குப் பயந்து சுரங்க ரயில் நிலையங்களில் மக்கள் படுத்துறங்கியதையும் எடுத்தார்.

பழைய கேமரா

போருக்குப் பின் அவர் பாதை மாறியது. லண்டனில் பழைய சாமான் கடையில் மரத்தாலான கோடக் கேமரா ஒன்று வாங்கினார். ஒரு காலத்தில் போலீசார் குற்றம் நடந்த அறைகளைப் பதிவு செய்ய உதவிய ரகம் அது. அதன் லென்சில் முழு அறையும் அடங்கும். துவாரம் மிகச் சிறியது. அதனால் அருகும் தூரமும் ஒன்றுபோல் தெளிவாக விழும். கிட்டே உள்ளது பூதாகரமாகத் தெரியும்; தள்ளி உள்ளது சுருங்கிவிடும். படத்தில் என்ன விழும் என்று முன்கூட்டி நன்றாகப் பார்க்கவும் முடியாது. கேமரா கண்டதை அவர் ஏற்றுக்கொண்டார்.

1950-களில் கிழக்கு சசெக்ஸ், நார்மண்டி கடற்கரைகளுக்குச் சென்றார். அங்கு எடுத்த படங்களில் முழங்கால் குன்றாயிற்று, முதுகு பாறையாயிற்று. கூழாங்கற்களின் நடுவே ஒரு காது, குகை வாயில்போல் நின்றது. பிரதி எடுக்கும்போது சாம்பல் நிறத்தை நீக்கி, கறுப்பும் வெள்ளையும் மட்டும் மிஞ்சச் செய்தார். தோலின் மென்மை மறைந்து கல்லின் உறுதி வந்தது. நிர்வாணப் படங்கள்தான், ஆனால் பார்ப்பவர் மனத்தில் எழுவது ஆசை அல்ல, வியப்பு. 1961-ல் இவை புத்தகமாக வெளிவந்தன.

1983 டிசம்பரில் 79-வது வயதில் லண்டனில் காலமானார். பிறந்த ஊரைப் பற்றி அவர் சொன்னது உண்மையல்ல. ஆனால் பிழைக்க வந்த நாட்டின் வறுமையையும் பயத்தையும் கடற்கரைக் கல்லையும் அவர் பார்த்த பார்வையில் பொய் இல்லை.