குமிழியைக் கணக்கிட்ட பேரறிஞர்

படிப்புக்காக ஊரை விட்டு வந்து அல்சூரில் குடியிருக்கிறேன். அறையில் தண்ணீர்க் கேனைக் கவிழ்க்கும்போதெல்லாம் குபுக் குபுக்கென்று பெரிய குமிழிகள் மேலே ஏறும். தலைப்பக்கம் குடை போல் வளைந்திருக்கும். அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். நண்பர்களே, இந்த எளிய குமிழிக்கும் கணக்கு எழுதிய பெருமகனார் ஒருவர் இருந்தார். அவர்தாம் ஜெப்ரி இங்கிராம் டெய்லர்.

1886-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் நாள் லண்டனில் பிறந்தார். தாயைப் பெற்ற பாட்டனார் கணித மேதை ஜார்ஜ் பூல். பாட்டியாரோ, நம் நாட்டை அளந்த எவரெஸ்டின் உடன்பிறந்தார் மகள். டெய்லர் கேம்பிரிட்ஜில் பயின்றார். 1909-இல் வெளிவந்த அவருடைய முதல் ஆராய்ச்சி, மிக மங்கலான ஒளியில் ஓர் ஊசியின் நிழலைப் படம் பிடிப்பது. ஒரு மைலுக்கு அப்பால் எரியும் மெழுகுவர்த்தியின் ஒளியே அங்கு இருந்தது எனலாம். படம் பதிய மாதக்கணக்கில் ஆகும். கருவியைப் பெற்றோர் வீட்டில் வைத்துவிட்டு அவர் பாய்க்கப்பலேறிக் கடலுக்குப் போய்விட்டார்! அரைநாள் ஆய்வுக்கூடத்தில் காணாவிட்டால் தேடப்படும் நமக்கு இது பொறாமையூட்டும் செய்தி.

டைட்டானிக் மூழ்கிய மறு ஆண்டு, 1913-இல், பனிப்பாறைகளைக் கண்காணிக்கப் புறப்பட்ட கப்பலில் சென்று, பட்டம் பறக்கவிட்டுக் காற்றை ஆராய்ந்தார். முதல் உலகப் போரில் விமானம் ஓட்டக் கற்றார். 1933-இல் புதுவகை நங்கூரம் ஒன்றையும் அமைத்தார்.

1945 ஜூலை 16-இல் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு வெடித்ததை நேரில் கண்டவர்களில் அவரும் ஒருவர். தீக்கோளம் விரியும் நிழற்படங்களைக் கொண்டே அதன் ஆற்றலைக் கணித்து 1950-இல் வெளியிட்டார். அத்தீக்கோளம் மேலெழுந்த வேகத்தை நீரில் ஏறும் பெருங்குமிழியின் வேகத்தோடு ஒப்பிட்டார். குமிழியைப் பற்றி டேவிஸ் என்பவருடன் எழுதிய கட்டுரையும் அதே ஆண்டில்தான் வந்தது. இதைப் படித்தபின் கேனைக் கவிழ்க்கும்போது என் மனம் சற்றே கூசுகிறது.

நீர் நிறைந்த செங்குத்துக் குழாயில் பெருங்குமிழி ஏறும்போது, சுவரையொட்டி நீர் மெல்லிய ஏடாகக் கீழே வழியும். குமிழி நீண்டிருந்தாலும் குறுகியிருந்தாலும் வேகம் ஒன்றே. குழாயின் விட்டந்தான் அதை முடிவு செய்யும். 5 செ.மீ. விட்டமுள்ள குழாயில் நொடிக்கு ஏறத்தாழ 25 செ.மீ. இதற்கு இன்று டெய்லர் குமிழி என்றே பெயர்.

வழியில் தடை இருந்தால்? துளையிட்ட தகடு குறுக்கிட்டால் குமிழி இடை சிறுத்து நுழையும். துளை மிகக் குறுகலானால் அறுந்து போவதும் உண்டு. குழாயின் நடுவே நெடுகிலும் பருத்த தண்டு ஒன்றை நிறுத்தினால் வேகம் குறையும் என்றே நான் எண்ணினேன். கரக்பூர் ஐ.ஐ.டி.யில் ஆராய்ந்து 1998-இல் வெளியிட்டவர்கள் கண்டது வேறு. குமிழி தண்டை முழுதும் சூழ்வதில்லை. ஒரு பக்கம் நீர் இறங்க வழிவிட்டு, மறுபக்கம் தழுவி, தண்டில்லாக் குழாயில் ஏறுவதைவிட விரைந்து ஏறுகிறது! கண்ணாடிக் குழாயில் பென்சிலை நிறுத்தி நானும் பார்த்தேன். வேகத்தை அளக்க வசதியில்லை; ஆனால் குமிழி ஒரு பக்கம் சாய்ந்தேதான் போயிற்று.

டெய்லர் ஓய்வு பெற்றும் ஆய்வுக்கூடத்தை விடவில்லை. மெல்லிய குழாயில் குமிழி பிசுபிசுத்த திரவத்தைத் தள்ளிச் செல்லும்போது சுவரில் எவ்வளவு தங்கும் என்று 1961-இல் எழுதினார். அப்போது அவருக்கு வயது 75. 1972-இல் நோய் அவரைக் கிடத்தும்வரை வேலை நடந்தது. 1975 ஜூன் 27-இல் கேம்பிரிட்ஜில் காலமானார்.