டிராக்கின் சமன்பாட்டைச் சோதித்த எலியேசர்

இலத்திரனுக்கான தனது புகழ்பெற்ற சமன்பாட்டை போல் டிராக் 1928இல் வெளியிட்டார். அவருடைய கையெழுத்துத் தாள்கள் இன்று அமெரிக்காவின் புளோரிடா அரச பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. 1981இல் யாழ். பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்களைப் பறிகொடுத்த எமக்கு அது பொறாமை தருகிற செய்திதான்.

அந்த டிராக்கிடம் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்தவர் எங்கள் பேராசிரியர் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர். 1918இல் பிறந்தவர், பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியின் பழைய மாணவர்.

கதிர்வீசும் இலத்திரன் எப்படி அசையும் என்பதற்கு 1938இல் டிராக் இன்னொரு சமன்பாடு எழுதினார். எலியேசர் அதை ஐதரசன் அணுவில் போட்டுப் பார்த்தார். புரோத்தனை நோக்கி நேரே விழுகின்ற இலத்திரன் அதில் மோதவேயில்லை. வழியில் நின்று, திரும்பி, வேகம் கூடிக்கூடி ஓடியது. எதிர்மின்னேற்றம் நேர்மின்னேற்றத்தை விட்டு ஓடுவதாவது! குருவின் சமன்பாட்டுக்குச் சங்கடமான அந்த விடையை 1943இல் அச்சிலேயே வைத்தார் சீடர்.

பின்னர் இலங்கை, மலாயா பல்கலைக்கழகங்களில் கணிதப் பேராசிரியர். 1968 முதல் மெல்பேர்ணில் லா ட்ரோப் பல்கலைக்கழகம். 1983 கலவரத்தின் பின் அவுஸ்திரேலியாவில் எம்மவர்களுக்காக ஓயாது உழைத்த அவர், 2001இல் காலமானார்.

அந்தக் கட்டுரை கேம்பிரிட்ஜ் மெய்யியற் கழக இதழின் 39ஆம் தொகுதியில் இருக்கிறது. ஹாட்லிப் பிள்ளைகள் தேடி எடுக்கலாம்.