பெரியாறு தந்த பென்னிகுவிக்

குறை கண்டு நொந்துகொள்ளுதல் யாவர்க்கும் எளிது. அக்குறையின் காரணத்தை ஆராய்ந்து, அதனை நீக்க முற்படுவோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஜான் பென்னிகுவிக்.

போடிநாயக்கனூருக்கு மேற்கே வானளாவி நிற்பது ஏலமலைத் தொடர். அதன் மேற்புறத்தே தென்மேற்குப் பருவமழை பெருகப் பொழியும். ஏலமும் காப்பியும் செழித்து வளரும். கீழ்ப்புறமோ மழைமறைவு நிலம். மலைமுகட்டில் கார்முகில் தவழக் கண்டும், அடிவாரத்து உழவர் வறண்ட வயலில் வாடி நின்றனர். மலைகளிடையே பெருகிய பெரியாறு மேற்கே ஓடிக் கடலிற் கலந்தது. கிழக்கே வையை மணலாய்க் கிடந்தது. வானையும் மலையையும் நொந்துகொள்வதன்றி மக்கள் வேறொன்றும் அறிந்திலர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வருத்திய பெரும்பஞ்சத்தில் எண்ணற்றோர் மாண்டனர்.

பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்னும் எண்ணம் பழையதே. 1789-இல் இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை ஆட்களை அனுப்பி இடத்தை ஆராய்ந்தார். செலவு பெரிதாதலின் அம்முயற்சி நின்றது. 1808-இல் ஜேம்ஸ் கால்டுவெல் என்னும் பொறியாளர் இது நடவாச் செயல் என முடிவு கூறினார். அதன்பின் வகுத்த திட்டங்களும் நிறைவேறவில்லை.

பென்னிகுவிக் 1841 ஜனவரி 15-ஆம் நாள் புனே நகரிற் பிறந்தார். 1849-இல் சிலியன்வாலாப் போரில் அவர்தம் தந்தையும் தமையனும் ஒருங்கே உயிர் துறந்தனர். அப்போது அவருக்கு எட்டு வயதும் நிரம்பவில்லை. இங்கிலாந்தில் கல்வி பயின்று, படைப் பொறியாளராக 1860-இல் இந்தியா வந்தார். 1882-இல் பெரியாற்றுத் திட்டத்தைச் செப்பஞ்செய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது.

முன்னோர் தடையெனக் கண்டவற்றுக்கெல்லாம் அவர் திட்டம் விடை பகர்ந்தது. மண்ணணைக்கு மாறாகக் கல்லணை எழுப்பக் கருதினார். கல்லைப் பிணைக்கச் சுண்ணாம்பும், சுட்ட செங்கற்பொடியாகிய சுர்க்கியும் துணையாயின. குறுக்கே நின்ற மலையை ஒரு மைலுக்கும் மேலாகக் குடைந்து நீரைக் கிழக்கே செலுத்த வழி வகுத்தார். 1886-இல் திருவிதாங்கூர் அரசுடன் உடன்படிக்கை ஏற்பட்டது. அடுத்த ஆண்டே வேலை தொடங்கியது.

அடர்ந்த காடு, கொடிய விலங்குகள், ஓயாத மழை, குளிர்காய்ச்சல். ஆற்றைத் தடுக்க எழுப்பிய தற்காலிக அணைகளை வெள்ளம் பன்முறை வாரிச் சென்றது. ஆற்றைப் பழித்துப் பயனில்லை. வெள்ளம் வடிந்ததும் பென்னிகுவிக்கும் அவர்தம் துணைவரும் மீண்டும் மீண்டும் அணை கோலினர். தொழிலாளர் பலர் நோயால் மடிந்து அம்மலையிலேயே அடக்கமாயினர். இவ்வணையின் புகழில் அவர்க்கும் பெரும்பங்கு உண்டு.

1895 அக்டோபரில், அடித்தளத்தினின்று 176 அடி உயர்ந்த அணை நிறைவெய்தியது. சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அதனைத் திறந்து வைத்தார். மேற்கே ஓடிய நீர் மலையைக் கடந்து, கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வையையை வளப்படுத்தியது. மதுரைச் சீமையின் வயல்கள் பசுமை பூண்டன. பின்னாளில் வெட்டப்பட்ட 18-ஆம் கால்வாய், போடி வட்டாரத்துக்கும் அந்நீரைக் கொண்டு செல்கிறது.

பென்னிகுவிக் 1911 மார்ச் 9-ஆம் நாள் இங்கிலாந்தில் மறைந்தார். கூடலூரை அடுத்த லோயர்கேம்பில் 2013-இல் தமிழக அரசு அவருக்கு மணிமண்டபம் அமைத்தது. அவர் பிறந்த நாள் தைப்பொங்கலை ஒட்டி வருதலின், தேனி மாவட்ட உழவர் அவர் பெயராற் பொங்கலிட்டு நன்றி செலுத்துகின்றனர்.

உழவர்தம் குறை உண்மையான குறையே. குறையை உரைத்தல் தவறன்று. உரைத்த அளவில் ஓய்ந்துவிடுதலே தவறு. மழையில்லை என்னும் ஏக்கம், ஆற்றை எவ்வாறு திருப்புவது என்னும் வினாவாக மாறிய போதுதான் வறண்ட நிலம் விளைநிலமாயிற்று. நம் ஊரிலும் பள்ளியிலும் குறை காணுந்தோறும், அதனை நீக்க நாம் ஆற்றக்கூடிய முதற்பணி யாது என ஆராய்வோமாக.