நகரங்களின் மருத்துவர்

நோயாளியைக் காண வரும் நல்ல மருத்துவன் முதற்கண் நாடியைப் பார்ப்பான். நோய் வந்த காரணத்தை ஆராய்வான். உறுப்பை அறுத்தெறிய எளிதில் முற்படமாட்டான். நலிவுற்ற நகரங்களையும் அவ்வாறே அணுகுதல் வேண்டும் என்று உலகிற்கு உணர்த்தியவர் பேட்ரிக் கெடிஸ் என்னும் பேரறிஞர். அவர் பிறந்த நாடு ஸ்காட்லாந்து. எனினும், நம் தஞ்சையும் மதுரையும் அவருடைய வாழ்வில் சிறந்ததோர் இடத்தைப் பெற்றன.

கெடிஸ் 1854 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2 ஆம் நாள் பாலட்டர் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் படைத்துறையில் பணியாற்றியவர். பெர்த் நகரில் இருந்த தம் இல்லத்துத் தோட்டத்திலும், அருகிலுள்ள குன்றுகளிலும் தந்தையாரோடு உலவிச் செடிகொடிகளின் இயல்பை மைந்தர் கற்றார். சிறிது காலம் வங்கியில் அலுவல் பார்த்தார். தச்சுத் தொழிலும் பயின்றார். பின்னர் இலண்டன் மாநகர் சென்று, ஹக்ஸ்லி என்னும் உயிர்நூல் அறிஞரிடம் மாணவரானார்.

1879 ஆம் ஆண்டு ஆராய்ச்சியின் பொருட்டு மெக்சிகோ நாட்டிற்குச் சென்றார். அங்கே அவருடைய கண்ணொளி மங்கிற்று. பல வாரங்கள் இருட்டறையில் இருக்க நேர்ந்தது. நூல்களைப் படிக்கவோ, நுண்ணோக்காடியில் பார்க்கவோ இயலாத அந்நிலையிலும் அவர் சோர்ந்தாரல்லர். சாளரத்தின் கண்ணாடிக் கட்டங்களை விரல்களால் தடவி, கட்டத்திற்கு ஒரு கலையாக வைத்து, அவற்றிடையே உள்ள தொடர்பை உள்ளத்தில் அமைத்துப் பார்த்தார். பார்வை மீண்ட பின்னும் அம்முறையை அவர் விடவில்லை. தாளை மடித்துக் கட்டங்களாக்கி, இடம், தொழில், மக்கள் ஆகிய மூன்றின் உறவையும் ஒரே பார்வையில் விளங்கும்படி வரைந்து காட்டினார். பல ஏடுகளில் விரித்து எழுதுவதை ஒரு படத்தில் அடக்கும் கலை அவர்க்கு இவ்வாறு கைவந்தது.

1886 ஆம் ஆண்டு அன்னா மார்ட்டன் என்னும் நங்கையை மணந்தார். மணமக்கள் எடின்பரோ நகரில் வளமனையை நாடவில்லை. ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த பழைய தெருவொன்றிற் குடிபுகுந்தனர். அண்டை அயலாரைத் துணைக்கொண்டு சுவர்களுக்கு வெள்ளையடித்தனர், குப்பையை அகற்றினர், சாளரங்களிற் பூஞ்செடி வளர்த்தனர். 1892 ஆம் ஆண்டு அந்நகரிற் கோபுரம் ஒன்றை வாங்கிக் கெடிஸ் அதனைக் காட்சிச்சாலை ஆக்கினார். அதன் உச்சியில் உள்ள இருட்டறையிற் கண்ணாடியின் உதவியால் நகரின் உயிருள்ள தோற்றம் மேசைமீது விழும். அதன்கீழ் எடின்பரோவும், அடுத்து ஸ்காட்லாந்தும், பின் ஐரோப்பாவும், அடித்தளத்தில் உலகமும் படங்களாய் விளங்கின. தன் ஊரை அறிந்தவனே உலகை அறிவான் என்பது அதன் கருத்தாகும்.

1888 முதல் டண்டீ நகர்க் கல்லூரியில் தாவரநூற் பேராசிரியராக இருந்துகொண்டே, நகரங்களின் வரலாற்றையும் வளர்ச்சியையும் விளக்கும் படங்களைத் திரட்டிக் கண்காட்சி அமைத்தார். 1913 ஆம் ஆண்டு அது பெல்ஜியம் நாட்டுக் கெண்ட் நகரிற் பரிசு பெற்றது. சென்னை ஆளுநர் பெண்ட்லண்டு பிரபு அக்கண்காட்சியை இங்குக் கொணருமாறு அழைத்தார். 1914 ஆம் ஆண்டு கெடிஸ் ஒரு கப்பலிற் புறப்பட்டார். படங்கள் வேறொரு கப்பலில் வந்தன. சென்னைமீது குண்டு வீசியதும், இன்றும் தமிழர் பேச்சில் வழங்கும் பெயரையுடையதும் ஆகிய எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல், படங்கள் வந்த கப்பலைக் கடலில் மூழ்கடித்தது. பல்லாண்டு உழைப்பு ஒரு நாளில் அழிந்தது. கெடிஸ் மனம் தளரவில்லை. நண்பர்கள் தாய்நாட்டிலிருந்து புதிய படங்களைத் திரட்டி அனுப்ப, 1915 ஆம் ஆண்டு சென்னையிற் கண்காட்சி நடைபெற்றது.

பின்னர் அவர் சென்னை மாகாணத்து ஊர்களை நடந்தே சுற்றிப் பார்த்தார். கோயிலை நடுவாகக் கொண்ட நம் நகரமைப்பும், தேரோடும் வீதிகளும், திருக்குளங்களும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. அந்நாளில், நெருக்கமான பழந்தெருக்களை ஊடறுத்து நேரான சாலைகளை இடுவதே சீர்திருத்தம் எனக் கருதப்பட்டது. அதனால் எளியோர் வீடிழந்து வேறோரிடத்தில் முன்னினும் நெருங்கி வாழ நேரும் என்பதைக் கெடிஸ் கண்டார். தஞ்சையில் அவர் காட்டிய வழி வேறு. பாழடைந்த சில வீடுகளை மட்டும் நீக்குக. வெற்றிடங்களைத் திறந்த வெளிகளாக்கி மரம் நடுக. உள்ள சந்துகளையே செப்பஞ் செய்க. ஏனைய வீடுகள் நிற்கட்டும் என்றார். இதனாற் செலவும் குறையும், குடிகளும் கலங்கார். குளங்களைத் தூர்ப்பதினும் தூய்மையாகக் காப்பதே நன்று என்பதும் அவர் கொள்கை.

1917 ஆம் ஆண்டு அவர்க்குப் பெருந்துயர் விளைந்தது. மூத்த மகன் பிரான்சு நாட்டுப் போர்க்களத்தில் மாண்டான். கடும்பிணியுற்றிருந்த மனைவியிடம் அச்செய்தியைக் கூற மாட்டாமல் கெடிஸ் தம் நெஞ்சிலே அடக்கிக்கொண்டார். சில வாரங்களில் அவ்வம்மையாரும் கல்கத்தாவில் உயிர் நீத்தார். துயரைப் பணியில் ஆற்ற முயன்ற அவர், இந்தூர் நகருக்கு இரண்டு தொகுதிகளாக விரிந்த திட்டத்தை 1918 ஆம் ஆண்டு எழுதினார். அங்கே தீபாவளி ஊர்வலத்தை அவரே அமைத்தார். எப்பகுதியினர் தம் தெருவை நன்கு துப்புரவு செய்கின்றனரோ, அப்பகுதி வழியே ஊர்வலம் செல்லும் என அறிவிக்கவே, மக்கள் போட்டியிட்டுத் தெருக்களைத் தூய்மை செய்தனர். துப்புரவுத் தொழிலாளரும் அவ்வூர்வலத்திற் சிறப்பிக்கப் பெற்றனர்.

1919 ஆம் ஆண்டு பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற் சமூகவியல் பேராசிரியரானார். மறு ஆண்டில் சகதீச சந்திர போசின் வரலாற்றை நூலாக்கினார். 1932 ஆம் ஆண்டு சர் பட்டம் பெற்ற அவர், அவ்வாண்டு ஏப்பிரல் திங்கள் 17 ஆம் நாள் பிரான்சு நாட்டு மாண்ட்பெல்லியரில் இயற்கை எய்தினார்.

ஊரைத் திருத்த விழைவோர் முதலில் ஊரை அறிதல் வேண்டும் என்பதே அவர் வாழ்வு தரும் பாடம். அயோத்தியாப்பட்டணம் போன்ற ஊரில் வாழும் மாணவரும், தம் ஊரின் தெருக்களையும் நீர்நிலைகளையும் நடந்து கண்டு ஒரு தாளில் வரைவாராயின், அப்பெரியார் தொடங்கிய பணியிற் பங்கு கொண்டவர் ஆவர்.