கரும்புகையோடு மல்லுக்கட்டிய ருடால்ஃப் டீசல்

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் காரை காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் கரி அதிகமா வருவது ஏன்? சிலிண்டருக்குள் நேரடியாகப் பீய்ச்சும் பெட்ரோல், சூடேறாத பிஸ்டனில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். ஆவியாகிக் காற்றோடு கலக்க நேரம் கிடைக்காமல் அரைகுறையாக எரியும். அதுதான் கரி.

எரிபொருளைக் காற்றோடு சரியாகக் கலக்கும் இதே தலைவலி, பெட்ரோல் பங்க்கில் தினமும் நாம் பெயர் சொல்லும் ருடால்ஃப் டீசலுக்கும் இருந்தது.

1858-ல் பாரிஸில் பிறந்தவர், பெற்றோர் ஜெர்மானியர்கள். 1870-ல் போர் மூண்டதும் குடும்பம் லண்டனுக்குப் போனது. மியூனிக்கில் படிக்கும்போது, நீராவி எஞ்சின் நிலக்கரியின் சக்தியில் சுமார் 90 சதவீதத்தை வீணாக்குகிறது என்ற விஷயம் அவரைக் குடைந்தது. அவர் கண்ட வழி: காற்றை மட்டும் இறுக்கி அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைப்பது. தீப்பொறியே தேவையில்லை.

ஐடியா என்னவோ சூப்பர். ஆனால் 1893-ல் ஆக்ஸ்பர்க்கில் நடந்த முதல் சோதனையில் அளவுக் கருவியே வெடித்துச் சிதறியது. எரிபொருள் பொடித்துளியாக உடையாவிட்டால் கரும்புகைதான். கடைசியில் அழுத்தப்பட்ட காற்றால் அதை ஊதி உள்ளே தூவினார். 1897-ல் அவருடைய 20 குதிரைத்திறன் எஞ்சின் 26 சதவீதத் திறனைத் தொட்டது.

பேரும் பணமும் வந்தன, பணம் நிற்கவில்லை. கடன் நெரித்த நிலையில், 1913 செப்டம்பர் 29 இரவு இங்கிலாந்து போகும் கப்பலிலிருந்து காணாமல் போனார். வயது 55. தற்கொலையா, விபத்தா என்று இன்றுவரை பேசுகிறார்கள்.

காற்றை ஊதும் கம்ப்ரஸர் கனமான சமாச்சாரம், காருக்குள் அடங்காது. அது இல்லாமலே எரிபொருளைத் தள்ளும் பாஷ் பம்ப் 1927-ல் உற்பத்திக்கு வந்த பிறகுதான், அவர் எஞ்சின் சாலையில் பரவலாக ஓடத் தொடங்கியது.