உறைபனியில் பாடம் கற்ற கிளாரன்ஸ் பெர்ட்சாய்

மாணவர்களே, உங்கள் வீட்டு ஐஸ் பெட்டியின் மேல்தட்டில் என்ன இருக்கிறது? ஒரு பாக்கெட் ரொட்டி சானாய், கொஞ்சம் பச்சைப் பட்டாணி, கோழி நக்கெட், இரண்டு துண்டு மீன். பெரும்பாலான வீடுகளில் இவைதான் இருக்கும். நான் அறிவியல் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஜோகூர் பாருவில், சிங்கப்பூர் வேலைக்காக விடியும் முன்பே கடற்பாலத்தைக் கடக்கும் பெற்றோர் ஏராளம். அவர்கள் வீடு திரும்ப இரவாகிவிடும். அதுவரை பிள்ளைகளின் பசியை ஆற்றுவது பல வீடுகளில் அந்த மேல்தட்டுதான்.

இதைச் சோம்பேறிச் சாப்பாடு என்று ஏளனம் செய்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு மனிதரின் விடாமுயற்சி இருக்கிறது. அவர் கண்டறிந்ததைப் புரிந்துகொண்டால், அந்த உணவைச் சுவையாகச் சமைக்கவும் தெரிந்துவிடும்.

அவர் பெயர் கிளாரன்ஸ் பெர்ட்சாய். ஆங்கிலத்தில் அந்தக் குடும்பப் பெயருக்குப் பறவையின் கண் என்று பொருள். 1886 டிசம்பர் 9ஆம் தேதி, நியூயார்க்கின் புருக்ளினில் பிறந்தார். சிறு வயது முதலே பறவை, விலங்கு, பூச்சி என எதையும் உற்றுப் பார்ப்பதில் அவருக்கு ஆர்வம். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் குடும்பத்தின் பண நெருக்கடியால் பட்டம் பெறாமலே வெளியேற நேர்ந்தது. உயர்கல்விக்குப் பணம் கட்டத் தடுமாறும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கல்லூரிதான் நின்றது, அவருடைய கற்றல் நிற்கவில்லை.

அமெரிக்க அரசின் வேளாண் துறையில் கள ஆய்வு வேலை பார்த்த பிறகு, 1912இல் நரித்தோல் வணிகத்திற்காக லாப்ரடோருக்குச் சென்றார். இன்று கனடாவின் பகுதியாக இருக்கும் அந்தக் குளிர்நிலத்தில் புதிய காய்கறியும் இறைச்சியும் கிடைப்பது அரிது. 1915இல் எலினார் என்பவரை மணந்தார். பிறகு மனைவியையும் கைக்குழந்தையையும் அங்கேயே அழைத்துச் சென்றார். ஆகவே, நல்ல உணவைக் கெடாமல் வைத்திருப்பது எப்படி என்பது அவருக்கு ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. அது குழந்தையின் பசி சார்ந்த கேள்வி.

அங்கு வாழ்ந்த இனுவிட் மக்கள் பனிப்பாளத்தில் துளையிட்டு மீன் பிடிப்பார்கள். ஏறக்குறைய மைனஸ் 40 பாகை குளிரில், வெளியே எடுத்த மீன் அப்போதே விறைத்துப் போகும். மாதக்கணக்கில் கழித்து அதை உருக்கிச் சமைத்தாலும், புதிதாகப் பிடித்த மீனைப் போலவே சுவைத்தது. ஆனால் அக்காலத்தில் நியூயார்க்கில் விற்ற உறைமீனோ சக்கையாக இருந்தது. ஏன் இந்த வேறுபாடு? இந்த ஒரு கேள்விதான் அவர் வாழ்க்கையை மாற்றியது.

விடை வேகத்தில் இருந்தது. உணவு மெதுவாக உறைந்தால், அதிலுள்ள நீர் பெரிய பனிப்படிகங்களாக மாறும். அவை திசுக்களின் உயிரணுச் சவ்வுகளைக் கிழித்துவிடும். உருகும்போது சாறு வடிந்து, உணவு தளர்ந்துவிடும். விரைவாக உறைந்தால் படிகங்கள் மிகச் சிறியவை, சேதமும் குறைவு. இதை விளக்க நான் வகுப்பில் ஒரு தக்காளியைச் சாதாரண ஐஸ் பெட்டியில் ஒரு நாள் உறைய வைத்து, பிறகு உருக்கிக் காட்டுவேன். அது தண்ணீர் விட்டுக் குழைந்திருப்பதைப் பார்த்த மாணவர்களுக்கு விளக்கம் அதிகம் தேவைப்படுவதில்லை.

நாடு திரும்பிய பெர்ட்சாய், ஒரு மின்விசிறி, உப்புநீர், பனிக்கட்டிகள் ஆகியவற்றைக் கொண்டு ஆய்வைத் தொடங்கினார். 1923இல் மீன் நிறுவனம் ஒன்றை ஆரம்பித்தார். மறு ஆண்டே அது திவாலானது. நம் ஜோகூர் கடற்பாலம் அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்ட அதே 1924ஆம் ஆண்டு அது. அவர் துவண்டுவிடவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்துக்கு இடம் மாறி, அட்டைப்பெட்டியில் அடைத்த மீனைக் கடுங்குளிரூட்டிய இரு உலோகப் பரப்புகளுக்கு இடையே அழுத்தி உறைய வைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார்.

1929இல் அவருடைய நிறுவனமும் காப்புரிமைகளும் 2 கோடியே 20 லட்சம் டாலருக்கு விலைபோயின. 1930 மார்ச் 6ஆம் தேதி, ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் 18 கடைகளில் உறைய வைத்த இறைச்சி, மீன், காய்கறி, பழங்கள் விற்பனைக்கு வந்தன. அப்போதும் வேலை முடியவில்லை. கடைகளுக்கு உறைபெட்டி வேண்டும், கொண்டு செல்லக் குளிர்வண்டி வேண்டும். 1944இல்தான் குளிரூட்டிய ரயில் பெட்டிகளில் நாடு முழுவதும் அனுப்பும் ஏற்பாடு வந்தது. மலாயா சுதந்திரம் பெறுவதற்கு முந்திய ஆண்டு, 1956 அக்டோபர் 7ஆம் தேதி, தம் 69ஆம் வயதில் அவர் காலமானார். அவர் பெயரில் ஏறத்தாழ 300 காப்புரிமைகள் இருந்தன.

இனி நம் சமையலறைக்கு வருவோம். அவர் கண்ட உண்மையை வைத்தே நான் பாக்கெட்டைத் தேர்ந்தெடுக்கிறேன். பட்டாணி உள்ளே மணிமணியாக உதிர வேண்டும். ஒரே கட்டியாக இருந்தால், வழியில் உருகி மீண்டும் மெதுவாக உறைந்திருக்க வாய்ப்புண்டு. பேரங்காடியில் மற்றச் சாமான்களை எடுத்த பிறகே உறை உணவை எடுப்பேன். நம் ஊர் வெயிலில் அது வெளியே இருக்கும் நேரம் குறைய வேண்டும் அல்லவா?

ரொட்டி சானாயை இளக விடாதீர்கள். மாவு ஒட்டி அடுக்குகள் கெடும். சூடான கல்லில் உறைந்தபடியே போட்டு, மிதமான தீயில் இரு புறமும் பொன்னிறமாகச் சுடுங்கள். அதில் ஏற்கனவே கொழுப்பு இருப்பதால் எண்ணெய் தேவையில்லை. இறக்கியதும் மாமாக் கடையில் செய்வதுபோல் இரு கைகளாலும் ஓரங்களைத் தட்டினால் அடுக்குகள் பிரியும். பட்டாணியையும் நேரே சட்டியில் போடலாம். மீனையும் கோழியையும் மட்டும் முதல் நாள் இரவே ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருக்குங்கள். மேசையில் வைத்தால் கிருமிகள் பெருகும்.

ஞாயிற்றுக்கிழமை வைத்த கறியையும் இப்படிச் சேமிக்கலாம். ஆறியதும் ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, பைகளில் தட்டையாகப் பரப்பி உறைய வையுங்கள். மெல்லிய பை விரைவில் உறையும். உருளைக்கிழங்கை முதலில் எடுத்துவிடுங்கள். உறைந்தால் அது பொடிப்பொடியாகிவிடும். சாப்பிடும்போது நன்கு கொதிக்கும்வரை சூடாக்குங்கள். கடையில் வாங்கும் தயார் உணவில் உப்பு அதிகமிருக்கலாம் என்பதால் அட்டையைப் படித்து, கூடவே ஒரு முட்டையோ கீரையோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

குளிரில் மீன் உறைவதை இனுவிட் மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்த பெர்ட்சாய் அவர்களிடம் மாணவராக நின்று, ஏன் என்று கேட்டார். விடை கிடைத்த பின்னும் பல ஆண்டுகள் உழைத்தார். உங்கள் அம்மாவும் பாட்டியும் அடுப்படியில் செய்யும் எத்தனையோ காரியங்களுக்குள் இப்படி ஓர் அறிவியல் ஒளிந்திருக்கக்கூடும். இன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் என்று கேட்டுப் பாருங்கள்.