இணையத்தின் கணக்குப்பிள்ளை ஜான் போஸ்டல்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் இப்போது கம்ப்யூட்டரில் நடக்கிறது. ஏலம் முடிந்ததும் வியாபாரி டெல்லிக்கு இமெயிலில் விலையைத் தெரிவிக்கிறார். ஒரு நொடியில் அது போய்ச் சேருகிறது. முன்பின் அறியாத கம்ப்யூட்டர்கள் எப்படிக் கொடுக்கல் வாங்கல் செய்கின்றன? இதற்கு வழி வகுத்தவர்களில் முக்கியமானவர் ஜான் போஸ்டல்.

தாடிக்கார மாணவர்

போஸ்டல் 1943-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்தில் பிறந்தார். லாஸ் ஏஞ்சல்சில் உள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் படித்தார். நீண்ட தாடியும் கால் செருப்பும் அவருடைய அடையாளங்கள்.

1969-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி அந்தச் சர்வகலாசாலையிலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு, கம்ப்யூட்டர் வழியே முதல் செய்தி சென்றது. இணையத்தின் தொடக்கம் அதுதான். அந்தக் குழுவில் போஸ்டலும் இருந்தார்.

கதவு எண் 25

ஓட்டலில் கேட்டதைக் கொண்டு வந்து தருபவர் சர்வர். அதுபோலக் கேட்டதைத் தரும் கம்ப்யூட்டருக்கும் சர்வர் என்றே பெயர். ஒரு சர்வர் பல வேலைகளைப் பார்க்கும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கதவு உண்டு. ஆளுக்கு ஓர் எண் வைத்தால், எந்தக் கதவைத் தட்டுவது?

இந்த எண்களையெல்லாம் ஒரே ஜாபிதாவில் எழுதிக் காக்கும் வேலையைப் போஸ்டல் ஏற்றார். இமெயிலுக்கு 25, வெப் பக்கத்துக்கு 80 என்று எண்கள் பதிவாயின. மென்பொருள் செய்கிறவர்கள் அந்த எண்களையே முன்கூட்டி அமைத்துக் கொடுத்தார்கள். வாங்குகிறவருக்குத் தொல்லை இல்லை. இமெயில் செல்ல வேண்டிய முறையையும் 1982-ல் போஸ்டலே எழுதினார்.

திறந்த வீடு

தான் ஒழுங்காக நடக்க வேண்டும், பிறர் பிழையைப் பொறுக்க வேண்டும். கம்ப்யூட்டர்களுக்குப் போஸ்டல் வகுத்த நெறி இது. அன்றைய சர்வர்கள் யார் கொடுத்த தபாலையும் வாங்கி, யாருக்கும் கொண்டு சேர்த்தன. முன்கூட்டிய அமைப்பே அப்படித்தான் இருந்தது.

வேண்டாத தபாலைத் தடுக்க வழியில்லையே என்று 1975-லேயே போஸ்டல் எழுதினார். அவர் பயந்தபடியே நடந்தது. 1990-களில் விளம்பரக்காரர்களும் மோசடிக்காரர்களும் அடுத்தவர் சர்வர்களின் வழியே குப்பைத் தபால்களைக் கொட்டினார்கள். சர்வர் வைத்திருந்தவர்களில் பலருக்கு, தங்கள் வீடு திறந்து கிடப்பதே தெரியாது. ஏனென்றால், முதலில் வந்த அமைப்பைப் பெரும்பாலோர் மாற்றுவதே இல்லை.

1998-ல் வெளிவந்த சென்ட்மெயில் 8.9 மென்பொருள் இதை மாற்றியது. தன் வீட்டுத் தபாலுக்குக் கதவு உண்டு. பிறர் தபாலைச் சுமக்கும் வழி மட்டும் மூடியே இருக்கும். வேண்டியவர் திறந்துகொள்ளலாம். நெறி போகவில்லை, காவல் சேர்ந்தது.

மறைவு

அதே 1998-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி, இருதய ஆபரேஷனுக்குப் பின் போஸ்டல் காலமானார். வயது 55. இறக்கும் வரை அந்த ஜாபிதா அவருடைய பொறுப்பிலேயே இருந்தது.

போடியில் புறப்படும் இமெயில், சர்வர் விட்டுச் சர்வர் தாவும்போது இன்றும் தட்டுவது 25-ம் எண் கதவைத்தான்.